ஸ்டியரிங்கில் ஏழு முடிச்சு

எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த கொட்டகையைத் திறந்ததும், உள்ளே நின்ற ராணுவ லாரியை அவள் பார்க்கவில்லை. ஆறு சக்கரம், ஆள் உயர முகப்பு, வெயிலும் மழையும் தின்றது போக மிச்சமிருந்த பச்சைப் பெயின்ட் என்று கொட்டகையை அடைத்துக்கொண்டு நின்ற வண்டி அது. அதை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கிய ஒரு முழக் காக்கித் துணியைத்தான் பார்த்தாள். படியில் கால் வைத்து ஏறி, துணியைக் கையில் எடுத்து எண்ணினாள். ஏழு முடிச்சு. மறுபடியும் எண்ணினாள். முப்பத்தாறு வருடம் நட்டும் போல்ட்டும் எண்ணிய விரல்கள். எதையும் இரண்டு முறை எண்ணாமல் அவற்றுக்குத் தூக்கம் வராது.

"ஏழு வேலை பாக்கி வச்சிட்டுப் போயிருக்கீங்க," என்றாள், காலியாக இருந்த டிரைவர் சீட்டைப் பார்த்து. குரலில் கோபம் மாதிரி ஒன்று இருந்தது. கோபம் அவளுக்குச் சுலபமாக வரும். அழுகைதான் வராது.

பஸ் பணிமனையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவள் ஸ்டோர் அக்கா. இருபத்திரண்டு வயதில் உதிரிபாகக் கிடங்கில் குமாஸ்தாவாகச் சேர்ந்தாள். கம்பி வலை போட்ட ஜன்னல், அதன் அடியில் கை நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. ஃபோர்மேன் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் அந்த இடைவெளி வழியாக ஒரு வாஷர்கூட வெளியே வந்ததில்லை. ஒரு முறை மேனேஜரே நேரில் வந்து ஒரு பல்பு கேட்டார். அவரையும் நிமிர்ந்து பார்த்து, "சீட்டு?" என்று கேட்டவள் அவள்.

கணவர் அங்கே டீசல் பம்ப் மெக்கானிக். முதன்முதலில் ஜன்னலுக்கு வந்தது ஒரு செம்பு வாஷருக்காக. சீட்டு இல்லை, திருப்பி அனுப்பினாள். சீட்டோடு வந்தார், கையெழுத்து இல்லை. கையெழுத்தோடு வந்தார், தேதி இல்லை. நான்காவது முறை எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: 'வாஷர் ஒன்று, சிரிப்பு ஒன்று.' அவள் வாஷரை எடுத்து நீட்டினாள். இரண்டாவது வரியை அடித்து, 'இருப்பு இல்லை' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டுக் கொடுத்தாள். மறு வருடம் கல்யாணம் ஆனது. அந்தச் சீட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.

அவருக்கு 'முடிச்சு' என்று பெயர் வந்த கதை பணிமனை முழுக்கத் தெரியும். அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒரு மெக்கானிக், ஒரு பஸ்ஸின் முன் சக்கரத்து நட்டுகளைக் கையால் மட்டும் சுற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். விஷயம் தெரியாத டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கடைத்தெரு திருப்பத்தில் சக்கரம் தனியே கழன்று, பஸ்ஸை முந்திக்கொண்டு ஓடி, நேராக ஒரு சலூனுக்குள் நுழைந்தது. நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை. ஒரு கண்ணாடி உடைந்தது. பாதி மீசையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் மீதி மீசையை எடுக்க வேறு சலூனுக்குப் போனார். 

அன்றைக்குக் கணவர் ஒரு பழைய காக்கிச் சட்டையைக் கிழித்து ஸ்டியரிங் ஸ்டியரிங்காகக் கட்டினார். எதைக் கழற்றினாலும், எதை அரைகுறையாக விட்டாலும், அதற்கு ஒரு முடிச்சு போட வேண்டும். வேலை முடிந்ததும் ஒன்றை அவிழ்க்க வேண்டும். துணியில் ஒரு முடிச்சு இருந்தாலும் வண்டி ஓர் அடி நகரக் கூடாது. எழுதப்படாத சட்டமாக அது அப்படியே நிலைத்துவிட்டது. இரண்டு மேனேஜர்கள் மாறினார்கள், துணி மாறவில்லை.

நட்டைக் கையால் சுற்றிவிட்டு டீ குடிக்கப் போன அந்த மெக்கானிக்கின் பட்டப்பெயர் 'காது'. நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டால் உள்ளே எந்த வால்வுக்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். கண் அவ்வளவு போதாது. கணவருக்கு ஆயுசுக்கும் கூட்டாளி அவர்தான்.

ஓய்வு பெற்ற கையோடு கணவர் இந்த லாரியை எடுத்தார். ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலம் விட்ட ஒரு மைதானத்தில், ஒன்பது வருடமாக நின்ற இடத்திலேயே நின்று, சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்துக் கிடந்தது. இழுத்துக்கொண்டு வந்து வாடகைக் கொட்டகையில் சேர்ப்பதற்குள் பாதித் தெரு வேடிக்கை பார்த்தது.

"யுத்தத்துக்குப் போறீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"உன் தம்பிக்குத் தண்ணி கொண்டு போக."

அவள் தம்பிக்கு மேட்டில் மரக்கன்றுப் பண்ணை. நாலாயிரம் கன்று. கிணறு வற்றிக்கொண்டு வந்தது. ஏரி கீழே இருந்தது. நடுவில் இருந்த களிமண் பாதையில் ஏறப் பார்த்த டிராக்டர்கள் வழுக்கி வழுக்கிப் பின்னால் வந்தன. இந்த லாரிக்கு முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். "மேலே பின்னாடி ஒரு தொட்டி, அவ்வளவுதான்," என்று கணவர் தம்பியிடம் வாக்குக் கொடுத்தார். மூன்று வருடம் கொட்டகையே கதி என்று கிடந்தார்.

அந்த மூன்று வருடத்தில் அவளுக்கு ஒரே ஒரு மனக்குறைதான். கொண்டை ஊசிகள் காணாமல் போயின. டீசல் பீய்ச்சும் நாசில் அடைத்தால் குத்த ஒன்று, பெட்டிப் பூட்டைத் திறக்க ஒன்று, வொயரைப் பிடித்துக் கட்ட ஒன்று. கிடங்கில் ஒரு வாஷரைக் கூட விட்டுக்கொடுக்காதவளின் தலையிலிருந்தே சாமான் களவு போய்க்கொண்டிருந்தது.

"சீட்டு எங்க?" என்று கையை நீட்டுவாள்.

"அவசரத் தேவை. சீட்டு நாளைக்கு," என்பார்.

எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு நாள் காலை பத்து மணிக்கு, "சின்னதா ஒரு சாமான் வாங்கணும், அரை மணியில வந்துடறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் சட்டையையும் செருப்பையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார்கள். பையை அப்படியே அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். என்ன சாமான் வாங்கப் போனார் என்று கேட்காமல் விட்டோமே என்ற எண்ணம் மட்டும் பாத்திரம் கழுவும்போது, குழாயை மூடும்போது, அவ்வப்போது வந்து போகும்.

இப்போது கொட்டகைக்காரர் இடத்தை விற்றுவிட்டார். மூன்றாவது சனிக்கிழமை மாலைக்குள் காலி செய்ய வேண்டும். இரண்டரை வாரம் இருந்தது. லாரி தன் காலில் வெளியே போனால் தம்பியின் பண்ணைக்கு. போகாவிட்டால் கேஸ் கட்டிங்கோடு வந்து அறுத்து எடுத்துப்போகும் பழைய இரும்பு வியாபாரிக்கு. அவரிடம் பேசி வைத்தாயிற்று. அவள் காதைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

காது வந்து துணியைப் பார்த்தார். பிறகு, "ஏழா, அண்ணி? அண்ணன் மூணுக்கு மேல வைக்க மாட்டாரே," என்றார்.

"எல்லாத்தையும் முடிக்கிற நேரத்துலதான போனாரு. முடிக்கிற நேரத்துலதான் எல்லாமே திறந்து கிடக்கும்."

இருவரும் தேட ஆரம்பித்தார்கள். தம்பி பண்ணையிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து எடுபிடி வேலை பார்த்தான். டீசல் தொட்டியில் தேங்கிப் பாகாக இருந்த பழைய டீசலை வழித்து வெளியே எடுத்து, தொட்டியைக் கழுவி, ஃபில்டர் மாற்றினார்கள். இதெல்லாம் முடிச்சுக் கணக்கில் சேராத வேலை. முதல் முடிச்சு முதல் நாளே அகப்பட்டது. கணவர் நாசில்களை மாட்டியிருந்தார், ஆனால் மேலே ஓடும் மெல்லிய குழாயை முறுக்கவில்லை. ரேடியேட்டரின் அடி ஹோஸில் கிளிப் இல்லை. அது இரண்டு. முன் சக்கரங்களுக்குப் போகும் தண்டில் நாலு போல்ட்டில் இரண்டு மட்டும் இருந்தன. மற்ற இரண்டும் ஒரு தகர டப்பாவில், 'முன் தண்டு' என்று அவர் கையெழுத்தில் துண்டுச் சீட்டோடு கிடைத்தன. அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் காது மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அவள், "போல்ட் ரெண்டு, சரி," என்று நோட்டில் குறித்துக்கொண்டாள்.

கியர் பெட்டியில் எண்ணெய் இல்லை. அது நாலாவது. பின்னால் இடப்பக்கச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் ஒன்று கழற்றியபடியே துணி சுற்றிக் கிடந்தது. ஐந்தாவது. பாட்டரி வந்து மாட்டியபோது ஆறாவது தெரிந்தது. ராணுவ வண்டிக்கு இரண்டு பாட்டரி சேர்ந்து இருபத்துநாலு வோல்ட். அதில் ஓர் எர்த் வொயரைக் கழற்றி உள்ளே மடித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றும் முடியும்போது அவள் ஏறிப் போய் ஒரு முடிச்சை அவிழ்த்தாள். எட்டு மாதம் கிடந்து இறுகிய முடிச்சுகள். நகம் இரண்டு போயிற்று. அதற்கு அவள் யாரையும் திட்டவில்லை.

கெடுவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி சுற்றியது, இருமியது, பிடிக்கவில்லை. தம்பி வாயைத் திறப்பதற்குள் காது கையைக் காட்டினார். "பேசாத. குழாய்ல காத்து நிக்குது. காத்தை எடுக்காம டீசல் வராது." ஃபில்டர் தலையில் இருந்த திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்தார். திருகு ஓரத்தில் நுரை நுரையாக வந்தது. அடித்துக்கொண்டே இருந்தார். நுரை குறைந்து, குமிழி குறைந்து, கடைசியில் கண்ணாடி மாதிரி டீசல் வழிந்தது. திருகை முறுக்கினார்.

"இப்ப அழுத்துங்க அண்ணி."

அவள் அழுத்தினாள். செல்ப் மோட்டார் முனகியது. பிறகு எங்கோ ஆழத்தில் ஒரு சிலிண்டர் பிடித்தது. அடுத்தது பிடித்தது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. கூரைத் தகரம் கடகடவென்று ஆடியது. தம்பி இருமிக்கொண்டே வெளியே ஓடி, "அத்தான் எழுந்துட்டாரு!" என்று கத்தினான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து, அக்காவைப் பார்த்தான்.

அவள் சீட்டில் உட்கார்ந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். "கத்தாதடா. எழுந்ததும் கத்தினா அவருக்குப் பிடிக்காது."

காது ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்து இன்ஜினைச் சுற்றி வந்தார். ஆறு இடத்தில் வைத்துக் கேட்டார். "ஆறு சிலிண்டரும் சொல்லி வச்ச மாதிரி பேசுது," என்றார். அப்படியே முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

துணியில் ஒரு முடிச்சு பாக்கி இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து தேடினார்கள். காது மூன்று முறை வண்டிக்கு அடியில் ஊர்ந்து போய் வந்தார். எல்லாம் இருந்தது. மூன்று மணிக்கு இரும்பு வியாபாரி ஒரு சின்ன வண்டியில் இரண்டு கேஸ் சிலிண்டரோடு வந்து இறங்கினார். பருமனான மனிதர், நிதானமானவர். ஓடிக்கொண்டிருந்த இன்ஜினைப் பார்த்துவிட்டு முகம் வாடினார்.

"உயிரோட இருக்கறதையா அறுக்கக் கூப்பிட்டீங்க?"

"இன்னும் முடிவாகலை. உக்காருங்க, டீ வரும்," என்றாள்.

"நான் உக்காருவேன்மா. ஆறு மணிக்குக் கதவைப் பூட்ட ஆள் வருது. அதுக்கு முன்னாடி அறுக்கணும்னா எனக்கு நாலு மணிக்காவது சொல்லிடணும்."

காது துணியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "அண்ணி, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. அண்ணன் ஒண்ணை அவிழ்க்க மறந்திருப்பாரு."

"என் பிறந்த நாளை மறப்பாரு. கல்யாண நாளை மறப்பாரு. ஒரு தடவை என்னையே பஸ் ஸ்டாண்டுல மறந்துட்டு வந்தாரு. முடிச்சை மறந்ததில்லை."

"சரி, வெளிய எடுத்து நிறுத்திட்டாவது தேடுவோம்க்கா," என்றான் தம்பி.

"வெளிய எங்கடா நிறுத்துவ?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். கொட்டகை வாசலைத் தாண்டியதும் தெரு சரிந்து இறங்கும். சரிவு முடியும் இடம் பஸ் நிறுத்தம். எப்போதும் இருபது பேர் நிற்பார்கள்.

"முடிச்சு இருக்கற வண்டி நகராது," என்றாள். "காது, சலூன் ஞாபகம் இருக்கா?"

காது தலையைக் குனிந்துகொண்டார். "செத்தாலும் விட மாட்டீங்களே அதை."

"அவரு செத்தும் விடலை. நான் எங்க விடறது?"

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கிடங்கில் வருடக் கடைசியில் இருப்புப் பார்ப்பதுபோல், முன்னாலிருந்து பின்னால்வரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். காது வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு குரல் கொடுத்தார். "முன் ஸ்பிரிங் போல்ட், இருக்கு. ஸ்டியரிங் கம்பி நட்டு, இருக்கு, பின் இருக்கு. இந்தப் பக்க நட்டு, இருக்கு, பின் இருக்கு..." அவள் டிக் அடித்துக்கொண்டே போனாள். நூற்றுநாற்பத்துமூன்று உருப்படி. எல்லாவற்றுக்கும் டிக். மணி மூன்றே முக்கால்.

வியாபாரி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

அவள் நோட்டை மூடவில்லை. வண்டியில் எல்லாம் இருக்கிறது. அப்படியானால் வண்டியில் தேடிப் பயனில்லை. கிடங்கில் கணக்கு உதைத்தால் அவள் அலமாரியை மட்டும் பார்க்க மாட்டாள். எந்தச் சாமான் உள்ளே வந்து வெளியே போகாமல் நிற்கிறது என்று பார்ப்பாள். வாங்கியும் மாட்டாத ஒன்று எங்கேயாவது இருந்தால், அது போக வேண்டிய இடம் காலியாக இருக்கிறது என்று அர்த்தம். கொட்டகையில் இருந்த டப்பாக்களை எல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் செலவாகிவிட்டன. அவர் வாங்கி இன்னும் வரவில் ஏறாதது...

எழுந்து நின்றாள்.

"ஒரு பத்து நிமிஷம்," என்றாள் வியாபாரியிடம். "வீடு ரெண்டு தெரு தள்ளித்தான்."

"எங்கக்கா?" என்றான் தம்பி.

"சின்னதா ஒரு சாமான் எடுக்கணும்."

வீட்டில் நாற்காலி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து பையை இறக்கினாள். ஸ்டேப்ளர் பின்னை ஒவ்வொன்றாக நகத்தால் பிரித்தாள். கிழித்திருக்கலாம். கிழிக்கத் தோன்றவில்லை. சட்டையில் இன்னும் டீசல் வாசனை இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கணக்கில் அது ஒரு நிமிடம். சுவர்க் கடிகாரத்தின் கணக்கில் நாலு. பிறகு சட்டைப் பையில் கையை விட்டாள். கண்ணாடி. ஒரு பஸ் டிக்கெட். ஒரு காகித உறை. உறையைப் பிரித்தால், ஸ்பிலிட் பின். நட்டு தானாகக் கழலாமல் இருக்க, குறுக்கே துளையில் செருகி, கால்களை இரண்டு பக்கமும் விரித்து மடிக்கும் பின். விரல் நீளம். எண்ணினாள். பன்னிரண்டு. மறுபடி எண்ணினாள்.

அரை மணியில் வந்துவிடுகிறேன் என்று இதற்குத்தான் போயிருக்கிறார். எட்டு மாதம் பாத்திரம் கழுவும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் உள்ளங்கையில் இருந்தது. பெரிய பதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் நெஞ்சில் எதுவோ இறங்கி இடம் பார்த்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கொட்டகைக்குத் திரும்பியதும் உறையைக் காதின் கையில் கொடுத்தாள்.

"பின்னா?" அவர் குழம்பினார். "எல்லா நட்டுலயும் பின் இருக்கே அண்ணி! நீங்கதான டிக் அடிச்சீங்க?"

"நீங்க 'இருக்கு'ன்னீங்க, நான் அடிச்சேன். டார்ச் குடுங்க."

"நீங்க எதுக்கு அடியில..."

"குடுங்க."

அறுபத்தொரு வயதில் சாக்கை விரித்துப் படுத்து, அங்குலம் அங்குலமாக உள்ளே நகர்ந்தாள். தம்பி, "அக்கா, பார்த்து, அக்கா," என்று செருப்புப் பக்கமிருந்து சொல்லிக்கொண்டே இருந்தான். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தடித்த கம்பி தெரிந்தது. அதன் முனையில் மேல் விளிம்பு வெட்டு வெட்டாக இருந்த ஒரு பெரிய நட்டு. நட்டின் குறுக்கே ஒரு பின். எல்லாம் கிரீஸ் அப்பிக் கருப்பாக இருந்தது. காதின் கண்ணுக்கு அது பின்தான். யார் கண்ணுக்கும் பின்தான். அவள் விரலால் கிரீஸைத் துடைத்தாள்.

ஒரு கால் நேராக இருந்தது. இன்னொரு கால் நெளி நெளியாக இருந்தது.

வண்டிக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. தம்பி பதறிப்போய்க் குனிந்தான். "அக்கா! அடிபட்டுச்சா? அழறியா?"

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மல்லாந்து படுத்தபடி, வயிறு குலுங்க, கண்ணோரம் தண்ணீர் காதுக்குள் இறங்க, நிறுத்த முடியாமல் சிரித்தாள். "திருடன்," என்றாள். "திருடன். என் கொண்டை ஊசிடா! ஸ்டியரிங்குக்கு என் கொண்டை ஊசியைப் போட்டு வச்சிருக்காரு!"

காது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சரிவில் இறங்கும்போது அந்த மெல்லிய கம்பி எத்தனை குலுக்கலுக்குத் தாங்கும், அது அறுந்தால் நட்டு என்ன ஆகும், நட்டு போனால் ஸ்டியரிங் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பஸ் நிறுத்தத்தின் பக்கம் ஒரு முறை பார்த்தார்.

"பின்னுக்குச் சத்தம் கிடையாதே அண்ணி," என்றார், மெதுவாக. "சத்தம் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அதுக்குத்தான் முடிச்சு போட்டிருக்காரு."

கொண்டை ஊசியை உருவி, புதுப் பின்னைச் செருகி, கால்களை விரித்து மடிக்க மூன்று நிமிடம் ஆயிற்று. கடைசி முடிச்சுதான் சண்டித்தனம் செய்தது. எண்ணெயில் ஊறிக் கல்லாகியிருந்தது. தம்பி கத்தியை எடுத்தான், அவள் விடவில்லை. கொண்டை ஊசியை நிமிர்த்தி, அதன் முனையை முடிச்சுக்குள் விட்டு நெம்பினாள். ஒரு இழை நெகிழ்ந்தது. இன்னொரு இழை. முடிச்சு அவிழ்ந்து, துணி சுருக்கத்தோடு நீளமாகத் தொங்கியது.

வியாபாரி எழுந்து சிலிண்டரைத் தன் வண்டியில் ஏற்ற ஆரம்பித்தார். "போயிட்டு வரேன்மா. இருபது வருஷமா இந்தத் தொழில். ஆள் கூப்பிட்டு வெறும் டீயைக் குடிச்சிட்டுத் திரும்பறது இதுதான் முதல் தடவை." போகும்போது திரும்பி, "டீ நல்லா இருந்துச்சு," என்றும் சொன்னார்.

நாலே முக்காலுக்கு லாரி கொட்டகையை விட்டு வெளியே வந்தது. காது ஓட்டினார். தம்பி பின்னால் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் முன்னால் உட்கார்ந்து, சரிவில் இறங்கும்போது ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கணவர் உட்கார்ந்த பெஞ்சில் ஒரு பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லாரி அவர்களைத் தாண்டி ஒழுங்காகத் திரும்பியது.

ஏரியில் தொட்டியை நிரப்பி, களிமண் பாதையில் ஏறினார்கள். டிராக்டர் வழுக்கும் இடத்தில் காது முன் சக்கரங்களையும் சேர்த்தார். வண்டி ஒரு முறை உறுமியது, சகதியை மென்று துப்பியது, ஏறியது. மேட்டில் நாலாயிரம் கன்றும் வரிசையாக, வாடின முகத்தோடு காத்திருந்தன. தம்பி ஹோஸைப் பிடித்துக்கொண்டு முதல் பாத்தியில் தண்ணீர் விட்டபோது மண் சத்தம் போட்டுக் குடித்தது. அவன் அக்காவைப் பார்த்து ஒரு முறை தலையை ஆட்டினான். பிறகு அடுத்த பாத்திக்குப் போனான்.

அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள். 'ஸ்பிலிட் பின்: வரவு பன்னிரண்டு, செலவு ஒன்று, இருப்பு பதினொன்று,' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, கீழே இன்னொரு வரி எழுதினாள். 'கொண்டை ஊசி: திரும்ப வந்தது ஒன்று. சீட்டு வரவில்லை.'

காது முகப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ தளர்த்திக்கொண்டிருந்தார். ஃபேன் பெல்ட் ஏற்றத்தில் கீச்சிட்டது அவர் காதுக்குப் பிடிக்கவில்லை.

"காது, டீ வந்தாச்சு!" என்று தம்பி குரல் கொடுத்தான்.

"வரேன் வரேன்." ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நாலடி நடந்தார். நின்றார். கல்லில் உட்கார்ந்திருந்த அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் புருவத்தை மட்டும் தூக்கினாள்.

"தெரியும், தெரியும்," என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போய், படியேறி, ஸ்டியரிங்கில் தொங்கிய துணியை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார். "சலூன் ஞாபகம் இருக்கு, அண்ணி."

"நான் ஒண்ணும் கேக்கலையே," என்றாள் அவள்.